சீல் வெச்ச கிணறு

அந்தக் கல்லு மேல கால் வெக்காதீங்க அம்மிணி, அது ஆடும். இப்படிக்கா வாங்க, இந்தப் பக்கம் படி நல்லா இருக்குது. பெட்டிய எங்கிட்டக் குடுங்க. கனமாத்தான் இருக்குது. ஐஸ் போட்டு வெச்சிருக்கீங்களாக்கும். போன தடவை வந்த மேடமும் இதே மாதிரி நீலப் பெட்டிதான் கொண்டாந்தாங்க.

மோட்டார் போட முடியுமான்னா கேக்கறீங்க? முடியாதுங்க. அதா பாருங்க, ரூமுக் கதவுப் பூட்டுல துணி சுத்தி அரக்கு ஒட்டி வெச்சிருக்குது. கரண்டுகாரங்க வந்து ஒயரையும் கழட்டீட்டுப் போயிட்டாங்க. வாளி கட்டித்தான் எடுக்கோணும், கயிறு நான் தர்றேன். எடுக்கறதுக்கு உங்களுக்கு உத்தரவு இருக்குதல்ல? காயிதமெல்லாம் காட்ட வேண்டாம், எனக்கெதுக்கு. எடுங்க. மண்ணு வேணும்னா மண்ணும் எடுங்க. தென்னைக்கு அடில எடுங்க, வரப்புல எடுங்க. தடுக்கறதுக்கு இங்க யாருமில்லை.

எடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிப்போடறேன். வர்ற வழில டீக்கடைல வழி கேட்டிருப்பீங்க. அர்த்தநாரி தோட்டம்னு சொன்னதும் ஒரு மாதிரி சிரிச்சிருப்பாங்களே? சாயக் கம்பெனிய மூட வெச்சு ஊர்ச் சனத்து வவுத்துல அடிச்சவன்னு சொல்லியிருப்பாங்க. கம்பெனி எங்கீங்க மூடிக் கெடக்குது? வேப்ப மரத்துக்கு அக்கட்டால பொகை தெரியுதா? அதேதான். கொஞ்ச நாள் மூடுனாங்க. அப்பறம் கோர்ட்டுக்குப் போயி என்னமோ உத்தரவு வாங்கியாந்து தெறந்துட்டாங்க. இன்னிக்கு இந்த ஊருல சீல் வெச்சு மூடிக் கெடக்கறது எங்கெணறு ஒண்ணுதான். விசத்தைக் கலந்தது அவங்க, கலந்துட்டாங்கன்னு சொன்னது நானு, சீல் வெச்சது எனக்கு. இந்த நாயத்தை யாருகிட்டப் போயி கேக்கறது, சொல்லுங்க.

வாளிய மெதுவா எறக்குங்க. உள்ளுக்குள்ள பாறை துருத்தீட்டு இருக்குது, இடிச்சா தண்ணி கலங்கிப் போயிரும். அப்படித்தான்.

எம்பையன் தரணின்னு பேரு. ஒத்தப் பையனுங்க. கெமிக்கல் டிப்ளமா படிச்சான். படிச்சு முடிச்சதும் இந்தச் சாயக் கம்பெனிலயே வேலை கெடைச்சுது. சாயம் போடற எடத்துல இல்லைங்க, சாயத்தண்ணிய சுத்தம் பண்ற எடத்துல. தொட்டி தொட்டியா மாத்தி, சுண்ணாம்பு கலந்து, கசண்டைத் தனியாப் பிரிச்சு, தெளிஞ்ச தண்ணிய மறுக்கா சாயத்துக்கே எடுத்துக்கோணுமாமா. வெளிய ஒரு சொட்டு உடக்கூடாதாமா. எல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீலக்கலர்ல சட்டை பேன்ட்டு குடுத்தாங்க. அதைப் போட்டுட்டு அவன் சைக்கிள மிதிச்சுட்டுப் போறதை இந்த வரப்புல நின்னு பாத்துட்டே இருப்பேன். தோட்டத்துல இருந்து பாத்தா பையன் வேலை செய்யற எடம் தெரியுதுன்னு எத்தனை பேருக்கு வாய்க்கும்? கல்யாணமும் பண்ணி வெச்சோம். மருமக கோகிலா, நல்ல பொண்ணு. மாமா மாமான்னு வாய் நெறையக் கூப்பிடும். நாலு பேரும் ஒரே ஊட்டுல, ஒரே சோத்துல நல்லாத்தான் இருந்தோம்.

போன வருசத்துக்கு முந்துன வருசம் ஐப்பசி மழை. மழை உட்டதும் மோட்டாரைப் போட்டேன், வாய்க்கால்ல நொரையா வந்துது. சோப்புத் தண்ணி மாதிரி. ஏதோ பாசின்னு உட்டுட்டேன். அடுத்த மழைக்குச் செவப்பு. செக்கச் செவேல்னு இல்லைங்க, டீத்தண்ணில பாலு ஊத்தாம வெச்சா ஒரு நெறம் இருக்கும் பாருங்க, அப்படி. ரெண்டு நாள் இருந்துட்டு மறுக்கா தெளிஞ்சிரும். சினையா இருந்த எருமை மாசம் நெறையறதுக்கு முன்னாலயே கன்னை வீசிருச்சு. பாவாயிக்கு, அதான் என்ற ஊட்டுக்காரிக்கு, கையெல்லாம் செதில் செதிலா உரிஞ்சுது. பாத்திரம் கழுவறதுல அப்படி ஆகுதுன்னு சொல்லிச் சொல்லி எண்ணெயத் தடவிக்கிட்டா.

ஒரு நாள் எல்லாரும் உக்காந்து உண்டுட்டு இருக்கறோம். தரணி சோத்தைப் பெசஞ்சுட்டே இருக்கறான், வாய்ல வெக்கறதில்லை. அம்மா இனி இந்தத் தண்ணிய குடிக்க வேண்டாம், ஊர்க்குழாய்ல புடிச்சுக்கலாம்னான். ஏண்டா தம்பின்னு கேட்டேன். வட்டலைத் தள்ளி வெச்சுட்டுச் சொன்னான். "அப்பா, தண்ணி எச்சா வருது. தொட்டில கொள்றதில்லை. மழை பேஞ்சா மேக்கால சுவத்தோரம் இருக்கற குழாயைத் தெறந்து உடச் சொல்றாங்க. மழைத்தண்ணியோட போயிரும், யாருக்கும் தெரியாதுன்னு சொல்றாங்க. நான் மாட்டேன்னா வேற ஆளு தெறப்பான்" அப்படீன்னான்.

அந்தச் சுவத்துக்கு இக்கட்டால எங்க வரப்பு, வரப்புக்கு இக்கட்டால கெணறு.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கங்கப்பா, நான் வேற எடம் பாத்துட்டு இருக்கறேன். வேலைய உட்டு வெளிய வந்ததும் நானே போயி எழுதிக் குடுக்கறேன். அது வரைக்கும் யாருகிட்டயும் சொல்லீராதீங்க" அப்படீன்னான். பாவாயி என்னைப் பாத்தா. நான் செரின்னேன். பயந்த பையனுங்க, அவங்கம்மா மாதிரி. பயந்துட்டே இருந்தா காரியம் ஆகுமா?

அவன் பேரை எடுக்காம நானே பாத்துக்கலாம்னுதான் மொதல்ல நெனைச்சேன். கம்பெனி ஆபீசுல போயிச் சொன்னேன். மேனேசரு தங்கமான மனுசனாட்டப் பேசுனாரு. தரணி அப்பாங்களா, உக்காருங்க, காப்பி குடிங்கன்னாரு. செலவு நம்முளுது, தண்ணிய டெஸ்ட் பண்ணிப்போடலாம்னாரு. ரெண்டு பசங்க வந்தானுங்க. அடைமழை பேஞ்சு கெணறு தளும்பி நிக்குது. மேல கெடந்த மழைத்தண்ணிய ஒரு பாட்டில்ல மொண்டுக்கிட்டு வண்டிய எடுத்துட்டானுங்க. உங்க மாதிரி பாட்டில மூணுதரம் அலசலை, கைல ஒறை மாட்டலை. எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்குதுன்னு பதில் வந்துது. தோட்டத்துல உரத்தை எச்சாப் போட்டா இப்படித்தான் ஆகும், கொறைச்சுக்கங்கன்னு மேனேசரு எனக்கு புத்தி சொல்லி அனுப்புச்சாரு.

அப்பறம் கலெக்டராபீசு. திங்கக்கெழமை மனு நாளு. அடுத்த மழைல செவந்து வந்த தண்ணிய ஒரு கலர் பாட்டில்ல புடிச்சு மடில கட்டிக்கிட்டுப் போனேன். கேட்டுல போலீசு சோதனை போடறாங்க. மடில பாட்டிலு இருக்கவும் என்னைச் சுத்தி வளைச்சுட்டாங்க. மண்ணெண்ணெய ஊத்திப் பத்த வெச்சுக்க வந்திருக்கறான்னு நெனைச்சுட்டாங்க. இல்லைங்கய்யா தண்ணிங்கய்யா, கெணத்துத் தண்ணிங்கய்யான்னு கத்தறேன். தண்ணின்னா குடிச்சுக் காட்டுன்னாரு ஒரு ஏட்டய்யா. குடிச்சுட்டேன். வேற என்ன பண்ண? ஒரு மடக்குக் குடிச்சேன். மீதிய புடுங்கிக் குப்பைல வீசிட்டாங்க. கலெக்டருகிட்டக் காட்ட கைல ஒண்ணுமில்லை. வாயில சொன்னேன். வாந்தி வர்ற மாதிரி இருந்துது, அதோடவே நின்னு சொன்னேன்.

இருந்தாலும் சும்மா சொல்லக்கூடாதுங்க, கலெக்டரு கேட்டுக்கிட்டாரு. அதுக்கப்பறந்தான் மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசுல இருந்து இளவரசி மேடம் வந்தாங்க, நீலப் பெட்டி கொண்டாந்தாங்கன்னு சொன்னேனே, அவங்கதான்.

பொறுங்க, அதென்ன சொட்டு உடறீங்க? ஆசிட்டா? மேடமும் உட்டாங்க. ஏனுங்க, ஆசிட்டை உட்டா தண்ணில இருக்கற விசம் செத்துப் போயிராதா? ஓ. பாட்டில்ல ஒட்டிக்காம அப்படியே நிக்கறதுக்கா. செரி செரி. அன்னிக்கு அதைப் பாத்துட்டு, இவங்களும் ஏமாத்தறாங்களோன்னு நெனைச்சுட்டேன்.

மேடம் நல்லவங்க. வந்ததும் பாவாயி கையைப் புடிச்சுப் பாத்தாங்க. ஆனா கெட்ட நேரம் பாருங்க, அவங்க வந்தப்ப மழையே இல்லை. வெயில் காஞ்சு கெடக்குது. கெணத்துத் தண்ணி எளநி மாதிரி நிக்குது. எத்தனை நாளா நாயா அலைஞ்சு கூட்டியாந்திருக்கறேன், தண்ணி இப்படிப் பளிங்காட்டம் நின்னு எம்பேச்சைப் பொய்யாக்குது.

ஊரே கூடி நின்னுது. கம்பெனில இருந்தும் ஆளு இருக்கோணுமாமா, அது சட்டமாமா, மேனேசரு வந்தாரு. சாமான் தூக்கறதுக்கு, எடம் காட்டறதுக்குன்னு கூட ஆளைக் கூட்டியாந்தாரு. தரணியைத்தான் கூட்டியாந்தாரு. நீலச் சட்டையப் போட்டுட்டு பெட்டிய தூக்கிட்டு வந்தான். என்னைப் பாக்கலை, கெணத்தைப் பாத்துட்டு நின்னான்.

மேடம் பாட்டில்ல புடிச்சாங்க. ரெண்டு பங்கா வெச்சு மூடி அரக்கு ஒட்டினாங்க. மண்ணுக்கு ஒரு இரும்புக் கம்பிய திருகித் திருகி எறக்குனாங்க. மேல ஒரு பங்கு, அடில ஒரு பங்கு, தனித்தனிப் பையி. மேனேசரு சிரிச்சுட்டே நிக்கறாரு. "பாருங்க மேடம், எவ்வளவு தெளிவா இருக்குது. இவருகிட்ட எத்தனையோ தடவை சொல்லீட்டோம். வயசாகுது, பாவம்" அப்படீன்னாரு. நின்னவங்கள்ல பாதிப் பேரு கம்பெனில வேலை செய்யறவங்க. அவங்களும் சிரிச்சாங்க.

மேடம் சிரிக்கலை. "ஐயா, நெறம் இல்லைன்னா பரவால்லைங்க. லேப்ல தெரிஞ்சிரும். மண்ணுல தங்கியிருக்கும், அது எங்கயும் போகாது. நீங்க கவலைப்படாதீங்க" அப்படீன்னாங்க.

என்னைச் சமாதானம் பண்றதுக்குச் சொல்றாங்கன்னு நெனைச்சேன். அத்தனை பேரு முன்னால பைத்தியக்காரனாட்டம் நிக்கறேன், எனக்குப் பொறுக்கலைங்க அம்மிணி. வாய் தானாத் தெறந்துக்கிச்சு. "மேடம், நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இதா நிக்கறான் பாருங்க எம்பையன். அவன் கம்பெனிலயேதான் வேலை செய்யறான். மழை பேஞ்சா மேக்கால குழாயைத் தெறந்து உடச் சொல்லி உத்தரவு. அவனே சொன்னான். கேளுங்க அவனை"ன்னு சொல்லிப்போட்டேன்.

மேனேசரு சிரிச்ச வாய் அப்படியே நின்னுது.

மேடம் அவனைப் பாத்தாங்க. அவன், "எனக்குத் தெரியாதுங்க மேடம்" அப்படீன்னான்.

எம்பையன், என்ற மூஞ்சிக்கு முன்னால பொய் சொல்றானுங்க! சின்னதுல இருந்து ஒரு பொய் சொன்னதில்லை அவன். எனக்கு வந்துது பாருங்க கோவம். பாவாயி கையைப் புடிச்சு இழுத்தாந்து அவன் முன்னால நிறுத்துனேன். "உங்கம்மா கையைப் பாருடா. பாத்துட்டு இப்பச் சொல்லு, தெரியாதுன்னு சொல்லு"ன்னேன். பாவாயி தலைய ஆட்டுனா, வேண்டாம் வேண்டாம்னு. எனக்கா அவனுக்கா, யாருக்கு ஆட்டுனான்னு தெரியலை.

அவன் அவங்கம்மா கையப் பாத்துட்டே இருந்தான். அப்பறம், "ஆமாங்க"ன்னான். அவ்வளவுதான். ஆமாங்கன்னு ஒரே ஒரு சொல்லு. பெட்டியக் கீழ வெச்சுட்டு, வரப்பு மேல ஏறி நடந்து போயிட்டான்.

அன்னிக்கு எனக்கு இருந்த நிம்மதி இருக்குதே, சொல்ல முடியாதுங்க. உண்மை வெளிய வந்திருச்சு. அதுவும் எம்பையன் வாயால வந்திருச்சு. அப்பனுக்கு அதைவிடப் பெருமை என்ன வேணும்?

வேலைய உட்டு நிறுத்திட்டாங்க, அது தெரிஞ்சதுதான். போனாப் போகுது, படிச்ச பையன், வேற கம்பெனியே இல்லையான்னேன். போனான். இந்தப் பக்கம் எத்தனை சாயக் கம்பெனி இருக்குது, ஒருத்தனும் கேட்டுக்குள்ள உடலை. பேரைக் கேட்டதும் அந்தத் தரணியான்னு கேக்கறாங்களாமா. தறிக்குப் போனான், அங்கயும் முதலாளிக்கு மேனேசரு சொந்தம். கம்பெனி மூடிக் கெடந்த நாள்ல, வேலைக்குப் போக முடியாத பொம்பளைங்க ஊட்டு முன்னால வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போனாங்க. கோகிலா அப்ப முழுகாம இருந்துது. வாசல்ல நின்னுட்டு இருந்துது, அதும் தலைமேலயும் மண்ணு உழுந்துது. தொடைச்சுட்டு உள்ள போயிருச்சு. நாந்தான் அவங்களைத் தொரத்தி உட்டேன். உண்மைக்கு நின்னா கொஞ்சம் மண்ணு உழுகத்தான் செய்யும்னு கோகிலாகிட்டச் சொன்னேன்.

ரிப்போர்ட்டு வந்துது. மேடம் சொன்ன மாதிரியேதான். தண்ணி பளிங்காட்டம் இருந்தும் உப்பு, சாயம், என்னென்னமோ எச்சாம். மண்ணுல இன்னும் எச்சாம். கம்பெனிச் சுவத்துப் பக்கம் இருந்துதான் வருதுன்னு கோடு கிழிச்சே காட்டியிருந்தாங்களாமா. வாத்தியாரு ஒருத்தர படிச்சுச் சொல்லச் சொன்னேன். சொல்லுக்குச் சொல்லு படிக்கச் சொன்னேன். எல்லாம் நம்பருங்க. தரணி சொன்னது அதுல ஒரு வரி இல்லை. அவன் பேரே இல்லை. ஏன் எழுதலைன்னு மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். "தேவைப்படலைங்கய்யா, சாம்பிள்லயே எல்லாம் வந்திருச்சு" அப்படீன்னாங்க. என்ன பேச்சு இது? அவன் அத்தனை பேரு முன்னால சொல்லியிருக்கறான், அதைத் தேவைப்படலைன்னா? எனக்கு மேடத்து மேல இருக்கற ஒரே வருத்தம் அதுதான். அப்பறம் அவங்களையும் மாத்தல் பண்ணிட்டாங்க. எங்கன்னு தெரியலை.

அந்த ரிப்போர்ட்டை வெச்சுத்தான் கம்பெனிய அந்தக் கொஞ்ச நாள் மூடுனாங்க, அதை வெச்சேதான் கெணத்துக்கும் சீல் வெச்சாங்க. தண்ணி கெட்டுப் போச்சுல்ல, அதனால நீங்க பயன்படுத்தக் கூடாதுன்னு போர்டு வெச்சுட்டாங்க. ஏனுங்கய்யா, கெடுத்தவனுக்கு என்னன்னு கேட்டேன். அது கோர்ட்டுல இருக்குதுன்னாங்க. அன்னிக்கு அரக்கு ஒட்ட வந்த ஆளுகளுக்குப் பாவாயிதான் மோரு குடுத்தா. அவங்களும் என்ன பண்ணுவாங்க, உத்தரவு. தென்னையெல்லாம் பாருங்க, குருத்து எப்படித் தொங்குதுன்னு. ஊர்க்குழாய்ல வர்றதைக் கொடத்துல தூக்கியாந்து எத்தனை மரத்துக்கு ஊத்த முடியும்? மாட்டை வித்தாச்சு. மீதி எருமையும் போச்சு.

தரணி குஜராத்துக்குப் போயிட்டான். கோகிலாவையும் கூட்டிட்டுத்தான். அங்கயும் சாயக் கம்பெனிதான், அதே வேலைதான். அவன் போன அன்னிக்கு நான் தோட்டத்துல இருந்தேன். வந்து சொல்லிட்டுப் போவான்னு பாத்துட்டே இருந்தேன். பஸ்ஸு வரப்பு ஓரமாத்தான் போச்சு. ஜன்னல்ல கோகிலா மூஞ்சி தெரிஞ்சுது. அவன் அந்தப் பக்கம் உக்காந்திருப்பானாட்டம் இருக்குது.

எங்கிட்டப் பேசறதில்லைங்க. போன் போட்டா எடுக்க மாட்டேங்கறான். கம்பெனிக்காரங்க என்னமோ சொல்லி மனசைக் கலைச்சுட்டாங்கன்னு நெனைக்கறேன். இல்லைன்னா ஏன் பேசாம இருக்கறான்? நான் அவனுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?

ஒண்ணு கேக்கறேன், நீங்க படிச்சவங்க. இந்தத் தண்ணி குடிச்சா காது கேக்காமப் போகுங்களா? பாவாயிக்கு அவன் போனதுல இருந்து காது மந்தமாயிருச்சு. நான் ஏதாச்சும் கேட்டா பதிலே வராது. சோத்தைப் போட்டு வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவா. ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டினேன். அந்த டாக்டரு காதெல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னுட்டாரு. அவரு சாயத்தண்ணியப் பத்திப் படிச்சிருக்க மாட்டாரு. போன்ல பேசறப்ப மட்டும் கேக்குது அவளுக்கு. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில நின்னுட்டு தரணிகிட்ட அப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறா. நான் போனா வெச்சுருவா. ஒரு மாசம் பக்கம் ஊட்டுல இல்லை, சம்பந்தி ஊட்டாரோட கோயில் கோயிலாப் போயிட்டு வர்றேன்னு போனா. பேத்தி பொறந்திருக்கறாள்னு எனக்கு டீக்கடைலதான் சொன்னாங்க. கோயிலுக்குப் போனது எங்கன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. என்ன பேரு வெச்சிருக்கறாங்கன்னு பாவாயிகிட்டக் கேட்டேன். அவளுக்குக் கேக்கலை.

உங்க வேலை முடிஞ்சுதுங்களா? மண்ணுப் பையி எல்லாம் எடுத்தாச்சா? பெட்டிய நான் தூக்கறேன், உடுங்க.

ஒரே ஒரு உபகாரம் பண்ணோணும் அம்மிணி. உங்க போன்ல இருந்து தரணிக்கு ஒருக்கா போடுங்க. எந்நம்பர்னா எடுக்க மாட்டான், புது நம்பர்னா எடுப்பான். நம்பர் மனப்பாடமா இருக்குது, சொல்றேன். நான் பேச மாட்டேன். நான் இங்க இருக்கறதையும் சொல்ல வேண்டாம். சாம்பிள் எடுக்க வந்திருக்கறோம், மேக்கால குழாய் எந்த எடத்துல இருந்துது, எப்பத் தெறந்தாங்கன்னு நீங்களே கேளுங்க. இந்தத் தடவையாச்சும் அவன் சொன்னதை எழுதிக்கோணும் நீங்க. எழுதிட்டீங்கன்னா அவன் சொன்னதுக்கு ஒரு மதிப்பு வந்துரும். அப்பறம் அவனுக்கே எம்மேல இருக்கற வருத்தம் போயிரும். ஸ்பீக்கர்ல போடுங்க, சும்மா கேட்டுக்கறேன்.

ஒரே ஒருக்கா. உங்க அப்பனாட்டம் நெனைச்சுக்கங்க.

...அடிக்குதுங்களா? அடிக்குது, அடிக்குது.

அவந்தான். அவந்தானுங்க அது. கேளுங்க.

...

வெச்சுட்டானா?

எனக்கும் கேட்டுச்சுங்க. எனக்கு எதுவும் தெரியாதுங்க, அந்தக் கம்பெனில நான் வேலையே பாத்ததில்லைன்னுதானே சொன்னான். குரல் கொஞ்சம் கட்டியிருக்குது, அந்த ஊருத் தண்ணி ஒத்துக்கலையாட்டம் இருக்குது. பின்னால கொழந்தை சிணுங்குச்சு, உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?

நீங்க ஏன் மூஞ்சிய அப்படி வெச்சுக்கறீங்க? அவன் மொதல்ல அப்படித்தாங்க சொல்லுவான். அன்னிக்கும் மேடத்துகிட்ட மொதல்ல தெரியாதுன்னுதான் சொன்னான். உட்டுப்போடாம ரெண்டாந்தரம் கேட்டா உண்மையச் சொல்லிருவான். பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு.

மறுக்கா ஒருக்கா போடுங்க அம்மிணி. இந்தத் தடவை அவங்கம்மா பேரைச் சொல்லிக் கேளுங்க.